பேச்சை எண்ணினால் போதுமா?

ஆசிரியருக்கு,

ஆட்சி நிர்வாகம், பாதுகாப்பு குறித்த விவாதங்களில் நாடாளுமன்ற உறுப்பினரின் பங்களிப்பை, பேசிய தடவைகளையும் கேட்ட கேள்விகளையும் கூட்டி மதிப்பிட்டிருந்த உங்கள் செய்தியைப் படித்தேன். அந்தக் கணக்கு முக்கியமானதைக் கோட்டை விடுகிறது. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள், அதாவது அமைச்சரிடம் வாய்மொழிப் பதில் கோரும் கேள்விகள், பட்டியலில் வருகின்றன. கேள்வி நேரமோ ஒரு மணிதான். வாய்மொழிப் பதில் சிலவற்றுக்கே கிடைக்கும். மற்றவை எழுத்துப் பதிலாகிவிடுவதால், துணைக் கேள்வி எழுப்பி அமைச்சரை மடக்க வழியில்லை. அந்தப் பதில்களைப் புரட்டினால் 'பரிசீலனையில் உள்ளது', 'தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்' என்ற வரிகள் அடிக்கடி கண்ணில் படும். தட்டிக்கழிப்பாகத் தோன்றினாலும், நடைமுறைப்படி இவை உறுதிமொழிகள்; மூன்று மாதத்துக்குள் நிறைவேற்றப்பட வேண்டும். அரசு உறுதிமொழிகள் குழு இதைக் கண்காணிக்கிறது. ஆனாலும் அவகாசம் நீட்டிக்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் தொங்குபவை உண்டு. கேள்வி கேட்டவரே மறந்துவிட்டால் கேட்க நாதியில்லை!

அடுத்த முறை, உறுப்பினர் பெற்ற உறுதிமொழிகள் எத்தனை, நிறைவேறியவை எத்தனை என்பதையும் சேர்த்து வெளியிடலாம். மானியக் கோரிக்கைகளை, அதாவது அமைச்சகங்கள் செலவுக்காகக் கேட்கும் தொகைகளை, ஆராய்ந்த நாடாளுமன்ற நிலைக்குழுக் கூட்டங்களுக்கு அவர் வந்தாரா என்பதையும் பாருங்கள். குழு அறிக்கையோடு இணைக்கப்படும் கூட்டக் குறிப்பில் வந்தவர்கள் பெயர் இருக்கும்.