ராணுவ லாரி படத்தைக் கத்தரிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் உலகப் போர் பற்றிய கட்டுரைக்கு மேலே ஒரு படம் போட்டிருந்தீர்கள். அடியில் ‘டன்கர்க், 1940: பிரிட்டிஷ் ராணுவ லாரி’ என்று இருந்தது. படத்தில் நிற்பது பெட்ஃபோர்ட் கம்பெனியின் க்யூ.எல். ரக லாரி. அந்த வண்டி தொழிற்சாலையை விட்டு வெளியே வந்ததே 1941-இல்தான். பிறக்காத பிள்ளையைப் போருக்கு அனுப்பிவிட்டீர்கள்!

சரி, தவறு எல்லோருக்கும் வரும், அதற்காக நான் சண்டைக்கு வரவில்லை. என் ஆதங்கம் வேறு. சிப்பாய்களின் முகம் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று வண்டியின் பம்பரையும் சக்கரங்களையும் கதவின் பாதியையும் கத்தரித்து எறிந்திருக்கிறீர்கள் பாருங்கள், அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. பழைய ராணுவ லாரியை அடையாளம் காண்கிறவனுக்கு வேண்டியதெல்லாம் பெரும்பாலும் அந்த வெட்டிப்போட்ட பகுதியில்தான் இருக்கும்.

எப்படி என்று சொல்கிறேன். முதலில் வண்டியின் முகத்தைப் பார்க்க வேண்டும். க்யூ.எல்.-லில் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே ஓட்டுநர் உட்காருவார், அதனால் முன்னால் மூக்கு நீட்டாது. அதே கம்பெனியின் ஓ.ஒய். லாரிக்கும் 3 டன் சுமைதான், ஆனால் அதற்குத் தட்டையான அகல பானட் முன்னால் சரிந்து இறங்கும். அடுத்தது கீழே குனிந்து பார்ப்பது. முன் அச்சில் தேங்காய் மாதிரி ஓர் உருண்டை புடைத்துக்கொண்டு நின்றால் முன்சக்கரங்களும் இழுக்கிற வண்டி என்று அர்த்தம். க்யூ.எல்.-லுக்கு அது உண்டு, ஓ.ஒய்.-க்குக் கிடையாது. இந்த உருண்டை பம்பருக்கு அடியில்தான் இருக்கும், பம்பரோடு சேர்ந்து அதுவும் போய்விடுகிறது.

நானே இதில் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். பாதி கேபின் மட்டும் தெரிந்த ஒரு படத்தை ரொம்ப நாள் க்யூ.எல். என்றே சாதித்துக்கொண்டிருந்தேன், பார்த்தவர்களிடம் எல்லாம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். பிறகு அதே படத்தின் முழுப் பிரதி கைக்கு வந்தது. முன்னால் உயரமான ரேடியேட்டர் வெளியே தெரிகிறது, பின்னால் 5.5 அங்குல பீரங்கி தொங்குகிறது. க்யூ.எல்.-லாவது ஒன்றாவது! லண்டன் பஸ்களைச் செய்த ஏ.இ.சி. கம்பெனியின் மேட்டடார் அது. அன்றிலிருந்து பாதி கேபினை மட்டும் பார்த்துவிட்டு வாயைத் திறப்பதில்லை.

அப்புறம் எண். போர்க்காலத்தில் ராணுவம் ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் எண் கொடுத்து, பானட்டின் பக்கவாட்டிலோ கதவிலோ வெள்ளையில் எழுதியது. எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்து வரும். ஒரு டன்னுக்கு மேல் சுமக்கும் லாரிக்கு எல், முக்கால் டன் ரகச் சிறு டிரக்குக்கு இசட், காருக்கு எம், ஆம்புலன்ஸுக்கு ஏ, பீரங்கி இழுக்கும் வண்டிக்கு எச். நாம் எல்லாவற்றையும் லாரி என்றே சொல்கிறோம், அவர்களோ டிரக் வேறு, லாரி வேறு என்று கறாராகப் பிரித்து வைத்திருந்தார்கள். கம்பெனிகளோடு போட்ட ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் எண்களைத் தொகுதியாக ஒதுக்கினார்கள், ஆகவே எண் முழுதாகத் தெரிந்தால் வண்டி யார் செய்தது என்பது வரை போகலாம். 1949-இல் இந்த முறை மாறி, இரண்டு இலக்கம், இரண்டு எழுத்து, மறுபடி இரண்டு இலக்கம் என்று ஆனது. ‘நார்மண்டி, 1944’ என்று போட்ட படத்தில் இந்தப் புது எண் தெரிந்தால் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்ட வேண்டியதுதான். 1953-இல் வந்த பெட்ஃபோர்ட் ஆர்.எல். உலகப் போர் வண்டியாக வேஷம் போட்டு நிற்கும் படங்கள் ஏராளம்.

படம் இடம் வலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்பதை எழுத்துகளும் ஸ்டியரிங்கும் காட்டிக்கொடுக்கும். பிரிட்டிஷ் வண்டிக்கு ஸ்டியரிங் வலது பக்கம். இடது பக்கம் இருந்தால் ஒன்று அமெரிக்கா மாதிரி வேறு நாட்டு வண்டி, இல்லையென்றால் நெகட்டிவ் புரண்டிருக்கிறது. ஸ்டியரிங் வலது பக்கம் இருந்துவிட்டாலே பிரிட்டிஷ் வண்டி என்றும் நம்பிவிடக் கூடாது. கனடாவில் ஃபோர்டும் செவர்லேவும் செய்து அனுப்பிய லாரிகளும் பிரிட்டிஷ் படையில் எக்கச்சக்கம். முன்கண்ணாடியின் மேல்விளிம்பு முன்னுக்குத் தள்ளி, அடிப்பகுதி உள்ளே வாங்கியிருந்தால் அது கனடா வண்டி, பெரும்பாலும் சந்தேகமே வேண்டாம். வெயில் பட்டுக் கண்ணாடி பளிச்சிட்டு மேலே பறக்கும் விமானத்துக்குக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதற்காக அப்படிச் சாய்த்தார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த முகம் அது, கோபித்துக்கொண்ட புல்டாக் மாதிரி இருக்கும்.

இன்னொன்று, கருப்பு வெள்ளைப் படத்துக்கு கம்ப்யூட்டரில் வண்ணம் பூசிப் போடுகிறீர்கள். வேண்டாம். பீரங்கிப் படை வண்டிகளில் எழுதியிருந்த சின்னம் மேல்பாதி சிவப்பு, கீழ்பாதி நீலம். அந்தக் காலத்தில் புழங்கிய ஒருவகைப் படச்சுருளுக்குச் சிவப்பு தெரியாது, கருப்பாக விழும், நீலமோ வெளுத்துவிடும். அதைப் பார்த்துக் கம்ப்யூட்டர் என்ன நிறம் பூசும் என்று நினைக்கிறீர்கள்? வண்டியின் நிறமும் அப்படித்தான். போரின் நடுவில் பச்சை நிறமிக்குத் தட்டுப்பாடு வந்ததால் பிரிட்டிஷ் லாரிகள் பழுப்பு நிறத்தில் ஓடின, 1944-இல்தான் ஆலிவ் பச்சைக்கு மாறினார்கள். உங்கள் பக்கத்தில் எல்லா வருஷத்து லாரியும் ஒரே பச்சை.

கேப்ஷனுக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் படங்களில் ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. போர்க்காலத்து ராணுவப் படங்களில் அந்த எண்ணின் முதல் எழுத்தே எந்தக் களம் என்று சொல்லிவிடும். எஃப் என்றால் 1939–40 பிரான்ஸ், எச் என்றால் பிரிட்டன், இ என்றால் எகிப்தும் அதை ஒட்டிய பாலைவனமும், பி என்றால் 1944 முதலான வடமேற்கு ஐரோப்பா. அந்த எண்ணையும் படத்தின் கீழே சின்ன எழுத்தில் போட்டுவிடுங்கள், மீதியை எங்களைப் போன்றவர்கள் பார்த்துக்கொள்வோம். படம் சின்னதாக வந்தாலும் பரவாயில்லை, நாலு மூலையும் இருக்கட்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமைப் படத்தின் இடது ஓரத்தில், கதவு அறுபட்ட இடத்தில், எல் என்ற எழுத்தும் அடுத்து ஒரு 4-உம் தெரிகிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. முழுப் படம் உங்கள் கையில் இருக்குமானால் மீதி எண்களை மட்டுமாவது அடுத்த வாரம் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்