மலரில் விட்டுப்போன பெயர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு,

எங்கள் டிக்கோயா டவுன் உதைபந்தாட்டக் கழகம் வரலாற்று மலர் வெளியிடப் போவதாக உங்கள் பத்திரிகையில் நாலு வரிச் செய்தி வந்திருந்தது. அந்த மலரைப் பிழை திருத்தச் சொல்லி என்னிடம்தான் தந்தார்கள். எழுத்துப் பிழை அதிகமில்லை. தலைவர்கள், காப்பாளர்கள், கிண்ணம் அன்பளிப்புச் செய்தவர்கள், மைதானத்துக்கு வேலி அடித்துத் தருவதாக மேடையில் சொன்னவர்கள் (வேலி இன்னும் வரவில்லை) எல்லோருக்கும் படத்தோடு இடம் இருக்கிறது. பந்து உதைத்தவர்களுக்கு ஒரே ஒரு வரி. கழகம் பல திறமையான வீரர்களை உருவாக்கியதாம்.

இருபது வருடத்துக்கு மேல் அந்தக் கழகத்துக்குச் செயலாளராக இருந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

முதல் பக்கமே இடறுகிறது. தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார் நமக்கு விளையாட்டுச் சொல்லித் தந்தார்கள் என்று தொடங்குகிறது. துரைமாருக்கு எங்கள் பக்கத்துத் தரவளையில் 1868இலேயே கிரிக்கெட் கழகம் இருந்தது. பிறகு ரக்பியும் ஆடினார்கள். எங்கள் பாட்டன்மார் அங்கே போனது புல் வெட்டவும் பந்து பொறுக்கவும்தான். நம் தோட்டத் தொழிலாளர்கள் ஆடியது பெரட்டுக்களத்தில் (காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடம்), பின்னேரம் வேலை விட்டு வந்து, இருட்டுவதற்குள். மட்டையும் கால்காப்பும் வாங்க வக்கில்லாதவர்களுக்கு உதைபந்தாட்டம் வசதி. ஒரு பந்து போதும். அதுவும் பல நாள் பழந்துணிச் சுருட்டுதான்.

தோல் பந்து வாங்கிய கதையை என் அப்பா சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். சம்பள நாளில் ஆளுக்குக் கொஞ்சம் சேர்த்துக் கொழும்பிலிருந்து வரவழைத்தார்களாம். உள்ளே பிளாடர், வெளியே கயிறு கட்டிய தோல். மே மாத மழையில் நனைந்தால் கருங்கல் மாதிரி கனக்கும். தலையால் முட்டினால் கயிறு நெற்றியைக் கிழித்துவிடும். பிளாடர் ஓட்டையானால் லொறிக்காரர்களிடம் கெஞ்சி ஒட்டுப் போடுவார்கள். கோல் கம்பத்துக்குப் பின்னால் தேயிலை மலை, அதற்குக் கீழே ஆறு. ஆற்றுக்குள் பந்து போனால் அன்றைய ஆட்டம் முடிந்தது. வெறுங்காலோடு ஆடியதால் ஆட்டம் முடிந்த பிறகு காலில் ஒட்டிய அட்டைப்பூச்சி பிடுங்குவதே அரைமணி நேர வேலை.

இலங்கை உதைபந்தாட்டச் சங்கம் 1939இல் உருவானதும் 1952இல் உலக உதைபந்தாட்ட அமைப்பான பீபாவில் சேர்ந்ததும் மலரில் இருக்கின்றன. இருக்கட்டும். ஆனால் நாடு பீபாவில் சேர்ந்தபோது, இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரை நாடற்றவர்களாக்கிய 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் எங்கள் பதினொரு பேரில் பெரும்பாலோர் அந்த நாட்டுப் பிரஜைகளே இல்லை. இதற்கும் ஒரு வரி வேண்டாமா?

நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது. 1964 ஒக்டோபரில் அந்த நாடற்றவர்களைப் பங்கிட, இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இங்கே, மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். அந்தக் கணக்கு எங்கள் கழகத்துக் கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் வேறு விதமாகப் பதிவாகியிருக்கிறது. எழுபதுகளில் மாதத்துக்கு மாதம் ஒரு பிரியாவிடை, ஒரு தேநீர்ச் செலவு, அணியில் ஒரு வெற்றிடம். ஒரே வீட்டில் அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை. அண்ணன் கோல் காப்பாளர், தம்பி பின்வரிசை. ஹட்டன் ஸ்டேசனில் ஒப்பாரிக் கோச்சி (இந்தியா போகிறவர்களை அழுது வழியனுப்பிய ரயிலுக்கு எங்கள் சனம் வைத்த பெயர்) ஏறுவதற்கு முதல் நாள் இரவு அந்த அண்ணன் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், என் காம்பராவுக்கு வந்தார். கையில் கழகத்து ஜேர்ஸி. தோய்த்து, மடித்து, பழைய பத்திரிகையில் சுற்றியிருந்தார். கழகச் சொத்து, கணக்கில் எழுதிக்கொள் தம்பி என்றார். எழுதினேன். தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரம் போய், கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்ததாக ஒரு கடிதம் வந்தது. பிறகு வரவில்லை. அடுத்த பருவத்தில் பதினொரு பேர் சேராமல் இரண்டு போட்டிகளை விட்டுக்கொடுத்தோம். 1984இல் கப்பல் நின்றது. அதற்குள் எங்கள் பழைய அணியில் பாதிக்கு மேல் அக்கரையில்.

அதற்குப் பிந்திய காலம் மலரில் ஓரளவு சரியாகவே இருக்கிறது. தோட்டங்கள் அரசுடைமையாகி 1992இல் கம்பனிகளின் கைக்குப் போயும் மைதானம் இன்னும் தோட்டத்து நிலம்தான், ஒவ்வொரு சுற்றுப்போட்டிக்கும் அனுமதிக் கடிதம் எழுத வேண்டும். பொடியன்மார் கொழும்புக் கடைகளில் நிற்பதால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் ஆள் சேரும், அதுவும் அணிக்கு எழுவர். ஒன்று மட்டும் விட்டுப்போயிற்று. லயத்தில் சாவு விழுந்தால் குழி வெட்டுவதும் பாடை தூக்குவதும் கழகத்துப் பிள்ளைகள்தான். கிண்ணம் வென்ற வருடங்களைவிட எங்கள் சனத்துக்கு அதுதான் நினைவிருக்கிறது.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான் ஐயா. அறுபது, எழுபதுகளில் டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கங்களில் பந்தாடியவர்கள், அவர்களின் பிள்ளைகள், நீலகிரியில் இருக்கும் உறவினர்கள் யாரிடமாவது பழைய அணிப் படங்கள் இருந்தால் உங்கள் பத்திரிகை முகவரிக்கு அனுப்பச் சொல்லி ஒரு சின்னக் குறிப்புப் போடுங்கள். குறிப்புப் புத்தகத்தில் இருந்து 63 பெயர்களை எடுத்து எழுதி மலர்க்குழுவிடம் கொடுத்திருக்கிறேன். பக்கம் போதாது என்றார்கள். முன்னாள் செயலாளர் என்று என் படத்துக்கு அரைப்பக்கம் வைத்திருந்தார்கள், அதை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். எழுத்தைக் கொஞ்சம் சின்னதாகப் போட்டால் 63 பெயரும் அதில் அடங்கும்.

இப்படிக்கு,
முன்னாள் செயலாளர் ஒருவர்,
டிக்கோயா.