பொடி எழுத்தில் இருக்கும் பெயர்கள்

திருச்சி,
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு,

"இந்த லீட்ஸ்ல தினமும் ஏதாவது ஒரு பேண்ட் வாசிக்குதும்மா, எந்தக் குழுவோட பாட்டைப் போய்க் கேக்கிறதுன்னே தெரியல" என்று இங்கிலாந்திலிருந்து நேற்று சொன்னாய். போனில் சொல்லி முடிகிற விஷயமா அது? அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்குப் பதினாறு வயதிருக்கும்போது உன் தாத்தாவின் ரேடியோவில் சிற்றலையில் பி.பி.சி. உலக சேவையைப் பிடிப்பேன். அதில் ஜான் பீல் வருவார். ஊரறிந்த பெயர்களை விட்டுவிட்டு, யாரும் கேள்விப்படாத பையன்களின் பாட்டைத் தேடிப் போடுகிற மனிதர். பாட்டு முழுசாகக் கேட்கும். அவர் பேண்டின் பெயரைச் சொல்லும்போது பார்த்து அலை அமுங்கிவிடும். காதில் விழுந்ததை அப்படியே தமிழில் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைப்பேன். அந்த நோட்டு இன்றும் பீரோவில் இருக்கிறது. அதில் பாதிப் பெயர்கள் யாருடையவை என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. 2004 அக்டோபரில் அவர் பெரு நாட்டில் இறந்துபோன செய்தி வந்தபோது நீ கைக்குழந்தை. உன்னை மடியில் போட்டுக்கொண்டு அழுதேன்.

அப்புறம் இன்டர்நெட்டில் பி.பி.சி.யின் ரேடியோ 6 மியூசிக் கேட்க ஆரம்பித்தேன். ஸ்டீவ் லமாக் அப்போது தன் நிகழ்ச்சியை அங்கே சாயங்காலம் நாலு மணிக்கு ஆரம்பித்தால், குளிர்காலத்தில் நமக்கு இரவு ஒன்பதரை. நீ ஹோம்வொர்க் எழுதுவாய், நான் ஒரு காதில் ஹெட்போனோடு சப்பாத்தி போடுவேன். ஞாபகம் இருக்கிறதா?

சரி, தேடுகிற வழிக்கு வருகிறேன். அங்கே கச்சேரி போஸ்டரில் பெரிய எழுத்தில் ஒரு பெயர் இருக்கும். அதை விடு. அடியில் பொடி எழுத்தில், முதலில் வாசிக்கப்போகிறவர்களின் பெயர் இருக்கும். நான் இங்கிருந்து அந்தப் பெயர்களைத்தான் வாசிப்பேன். லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியில் விண்ட்மில் என்று ஒரு சின்ன பப். அங்கே யார் யாருக்கு முன்னால் வாசித்தார்கள் என்று பார்த்துக்கொண்டே போனால், ஷேம், கோட் கேர்ள், பிளாக் மிடி, ஸ்குவிட் என்று குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

இன்னொன்று, பாட்டைப் பதிவு செய்தவர் யார் என்று பார். டான் கேரி என்பவர் தெற்கு லண்டனில் ஸ்பீடி வுண்டர்கிரவுண்ட் என்று பாட்டு வெளியிடுகிற ஒரு சின்ன நிறுவனம், ஒரு லேபிள், நடத்துகிறார். ஒரு பாட்டை ஒரே நாளில் பதிவு செய்துவிட வேண்டும், மதியச் சாப்பாட்டுக்குக்கூட இடைவெளி கிடையாது என்பது அவர்கள் வைத்துக்கொண்ட விதி. பிளாக் கன்ட்ரி, நியூ ரோட் குழுவின் முதல் பாட்டு 2019-ல் அங்கிருந்துதான் வந்தது. அந்த லேபிளைப் பின்தொடர்ந்துதான் நான் அவர்களிடம் போய்ச் சேர்ந்தேன்.

அவர்களைப் பற்றிச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. 2022-ல் இரண்டாவது ஆல்பம் வெளிவர நான்கே நாள் இருக்கும்போது, பாடகர் ஐசக் வுட் மனநிலை சரியில்லை என்று விலகிவிட்டார். மீதி ஆறு பேரும் வேறு பாடகரைத் தேடவில்லை. அவர் பாடிய பாட்டுகளை மேடையில் தொடவும் இல்லை. புதிதாக எழுதி, தங்களுக்குள் மாற்றி மாற்றிப் பாடி, லண்டன் புஷ் ஹாலில் அதை நேரடியாகப் பதிவு செய்து 2023-ல் வெளியிட்டார்கள். அந்த வீடியோவை நடுராத்திரி சமையலறையில் நின்றுகொண்டே பார்த்து முடித்தேன். நண்பன் விட்டுப்போன இடத்தை அப்படியே காலியாக வைத்துக்கொண்டு பாடினார்கள், தம்பி. அந்த மரியாதையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

உன் ஊரும் லேசுப்பட்டதில்லை. 1970 பிப்ரவரி 14 அன்று தி ஹூ என்ற ராக் குழு 'லைவ் அட் லீட்ஸ்' ஆல்பத்தை வாசித்துப் பதிவு செய்தது உன் பல்கலைக்கழகத்தின் ரெஃபெக்டரியில், அதாவது சாப்பாட்டுக் கூடத்தில்தான். அந்த வருஷத்தின் சிறந்த ஆல்பத்துக்கு அங்கே கொடுக்கிற மெர்க்குரி பரிசை 2024-ல் வாங்கிய இங்கிலிஷ் டீச்சர், லீட்ஸ் குழு. லண்டனுக்கு வெளியே அந்தப் பரிசு போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்தது.

உன் அறையிலிருந்து நடக்கிற தூரத்தில் ப்ரூடனெல் சோஷியல் கிளப் இருக்கிறது. தொழிலாளர்கள் கூடுவதற்காக நூறு வருஷத்துக்கு முன் தொடங்கிய இடம். இந்த மாதிரிச் சின்ன அரங்குகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகின்றன. பாத் நகரில் ரேடியோஹெட், ஒயாசிஸ் மாதிரிப் பெரிய குழுக்கள் வாசித்த மோல்ஸ் அரங்கு 2023 டிசம்பரில் மூடியே விட்டது. அதனால் தள்ளிப்போடாதே. இந்த வாரம் ஏதாவது ஒரு நாள் அங்கே போ. கதவு திறக்கும்போதே உள்ளே போய், முதலில் வாசிக்கிறவர்களுக்கு முன்னால் நில். இருபது பேர்கூட இருக்க மாட்டார்கள், பரவாயில்லை. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போ.

திரும்பி வந்ததும் அவர்களின் பெயரை எனக்கு எழுது. ஒவ்வொரு எழுத்தையும் சரிபார்த்து எழுது. நோட்டில் இன்னும் மூன்று பக்கம் காலியாக இருக்கிறது.

அன்புடன்,
அம்மா