வெள்ளிக்கிழமை எட்டு மணிப் பாட்டு

மதுரை, செல்லூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. பாப்பா போட்டோவைப் பார்த்து அம்மா, "அப்படியே அவங்க ஆத்தா மூஞ்சி" என்று நாலு தடவை சொல்லிவிட்டாள். அம்மா சௌக்கியம்தான். மழை இருட்டினால் மட்டும் முழங்கால் வலி வந்துவிடுகிறது.

"ரெண்டு வாரத்துக்கு ஒரு ராப் பாட்டு எதுக்குடா? வருஷத்துக்கு ஒண்ணு போடு, நல்ல வீடியோவோட பெருசா போடு" என்று எழுதியிருந்தாய். இதற்குப் பதில் எழுதத்தான் இத்தனை நாள் ஆனது. போன வருடம் பொங்கலுக்குத் தொடங்கியது, இதுவரை 37 பாட்டுகள் வந்துவிட்டன. நீ அக்கறையில் கேட்டாய் என்று தெரியும். அதனால் எல்லாவற்றையும் சொல்கிறேன்.

2006-ல் யோகி பி, நட்சத்திராவின் 'வல்லவன்' ராப் ஆல்பம் வந்தபோது நாம் என்ன பாடுபட்டோம், நினைவிருக்கிறதா? மலேசியாவில் பாடியதை செல்போன் கடையில் காசு கொடுத்து மெமரி கார்டில் ஏற்றி, ஒரே ஹெட்செட்டை ஆளுக்கொரு காதில் வைத்துக் கேட்டோம். தமிழில் இப்படி அடுக்கிப் பேச முடியுமா என்று உனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அடுத்த பாட்டு எப்போது வரும் என்று கேட்க அன்று நமக்கு வழியே இல்லை. அந்தக் காத்திருப்பு எனக்குள் அப்படியே தங்கிவிட்டது. என் பாட்டைக் கேட்கிறவனுக்கு அடுத்தது எந்த வெள்ளிக்கிழமை என்று தெரிந்திருக்க வேண்டும். தொடங்கும்போது என் மனதில் இருந்தது இவ்வளவுதான்.

இப்போது எப்படி ஓடுகிறது என்று சொல்கிறேன். தெருவில் இன்னும் ஐந்தாறு வீட்டில் விசைத்தறி இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்குத் தறி நின்ற பிறகுதான் மைக்கையே எடுப்பேன். பீரோவின் இரண்டு கதவையும் திறந்துவைத்து, அம்மாவின் சேலைகளுக்கு எதிரே நின்று பாடுகிறேன். எதிரொலியை அந்தச் சேலைகள் குடித்துவிடும். தலைக்கு மேல் கம்பளியையும் போர்த்திக்கொண்டால் குரல் சுத்தமாக விழும். வேர்த்து ஊற்றும், பரவாயில்லை.

சித்திரையில் ஒருநாள் சாயங்காலம் கரண்ட் போய் வந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் தறிகளை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார். முதல் தறி தனியாக 'டக் டடக்' என்றது. இரண்டாவது கொஞ்சம் பிந்திச் சேர்ந்தது. மூன்றாவது இரண்டுக்கும் நடுவில் புகுந்தது. ஓடிப்போய் சன்னலில் போனை வைத்துப் பதிந்தேன். அந்த இருபது நொடியை வெட்டி, வேகத்தைக் குறைத்து நிமிடத்துக்கு 92 தட்டில் நிறுத்தி, கீழே ஒரு கிக் டிரம் மட்டும் போட்டேன். வேறெதுவும் தேவைப்படவில்லை. அதுதான் 31-வது பாட்டு. வெளியான மறுநாள் அந்த அண்ணன் வாசலில் நின்று முழுசாகக் கேட்டுவிட்டு, "இது மூணாம் நம்பர் தறிடா, அதுக்குத்தான் இந்த விக்கல்" என்றார். அவருக்குக் கேட்ட நுணுக்கம் எனக்குக் கேட்டிருக்கவில்லை.

வருடத்துக்கு ஒரு பாட்டு என்று இருந்திருந்தால் அந்தச் சன்னலுக்கு நான் ஓடியிருக்க மாட்டேன், மாப்ளே. அடுத்த வெள்ளிக்கு என்ன கொடுப்பது என்று தேடிக்கொண்டே இருப்பதால்தான் காது திறந்திருக்கிறது.

அமெரிக்காவில், அட்லாண்டாவில் ரஸ் என்றொரு ராப்பர் இருக்கிறார், உனக்கு அவரைப் பற்றி முன்பே சொன்னேனா? 2011-லிருந்து வரிசையாக 11 ஆல்பங்களை இலவசமாகக் கொடுத்தார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அப்புறம் ஆல்பத்தை விட்டுவிட்டு சவுண்ட்கிளவுட் என்ற இசைத் தளத்தில் வாரம் ஒரு பாட்டு என்று ஏற்றத் தொடங்கினார். எழுதுவது, பீட் போடுவது, மிக்ஸிங் எல்லாமே அவர்தான். கூட்டம் மெதுவாகச் சேர்ந்தது. ஏதோ ஒரு பாட்டில் மாட்டிக்கொண்ட ஆள் திரும்பிப் பார்த்தால் கேட்பதற்கு ஒரு மலையே அங்கே காத்திருந்தது! கொலம்பியா இசை நிறுவனம் ஒப்பந்தம் பேச வந்தபோது அவர் கையில் சொந்தமாக ஒரு கூட்டம் இருந்தது. எனக்கு அவர் பாட்டு எல்லாமே பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பொறுமை மீது அப்படியொரு மரியாதை.

இதற்கெல்லாம் முன்னோடி கலிபோர்னியா ஓக்லாந்தின் ராப்பர் டூ ஷார்ட். எண்பதுகளின் தொடக்கத்தில் பள்ளிக்கூடத்துத் தோழன் ஃப்ரெடி பி-யுடன் சேர்ந்து வீட்டிலேயே கேசட் பதிந்து தெருவில் நடந்து விற்றார். காசு கொடுக்கிறவரின் பெயரையே பாட்டில் வைத்துத் தனியாக ஒரு கேசட் போட்டுத் தருவார்களாம். இதைப் படித்துவிட்டு நானும் என் ஆட்களிடம் "உங்களுக்காக ஒரு பாட்டு வேண்டுமா?" என்று கேட்டேன். சிம்மக்கல்லில் இட்லிக் கடை வைத்திருக்கும் அம்மாவுக்காக அவர் மகள் கேட்டாள். காலை நாலு மணிக்கு அடுப்புப் பற்றவைப்பதிலிருந்து தட்டு கழுவி முடிப்பது வரை 16 வரியில் எழுதிக் கொடுத்தேன். அந்த அம்மா கடையில் அதை ஒருநாள் முழுக்க ஓடவிட்டாராம்.

காசு விஷயம் கேட்டிருந்தாய். பாட்டை இசைத் தளங்களில் சேர்த்துவிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு வருடச் சந்தா கட்டினால் எத்தனை பாட்டு வேண்டுமானாலும் ஏற்றலாம். ஸ்பாட்டிஃபையில் 2024-லிருந்து ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 முறையாவது ஓடியிருந்தால்தான் அதற்குப் பணம் கணக்காகும். என் 37-ல் 14 பாட்டு அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கிறது. வருவது சந்தாவுக்கும் இன்டர்நெட்டுக்கும் சரியாகப் போகிறது. வீடு ஓடுவது வேலைச் சம்பளத்தில்தான். நடுவில் ஒரு கம்பெனி பேச வந்தது. பழைய பாட்டு எல்லாவற்றின் மாஸ்டர் உரிமையையும், அதாவது மூலப் பதிவின் உரிமையையும், நிரந்தரமாக எழுதித் தர வேண்டும், எப்போது எது வெளிவரும் என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள் என்று பத்திரத்தில் இருந்தது. லாஸ் ஏஞ்சலஸின் ராப்பர் நிப்ஸி ஹஸ்ஸலை நினைத்துக்கொண்டேன். 2013-ல் ஒரு மிக்ஸ்டேப்பை, அதாவது ஆல்பம் போன்ற பாட்டுத் தொகுப்பை, எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்துவிட்டு, அதையே 1,000 சிடி மட்டும் போட்டு ஒன்று 100 டாலருக்கு விற்றவர். வாங்கியவர்களில் பெரிய ராப்பர் ஜே-ஸியும் ஒருவர், 100 சிடி எடுத்தார். இலவசமாகக் கிடைப்பதற்குக் காசு கொடுக்க மனிதர்கள் இருக்கிறார்கள் என்றால் அது அந்த ஆள் மேல் உள்ள பிரியம். அந்தப் பிரியத்தை எழுதிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. பத்திரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அம்மாவும் சரி என்றாள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் என் குரூப்பில் இப்போது 340 பேர். புதன்கிழமை அவர்களுக்கு மிக்ஸிங் செய்யாத பதிவு ஒன்று போகும், வெள்ளி ராத்திரி எட்டு மணிக்கு முடிந்த பாட்டு வரும். இத்தனை நாளில் ஒரே ஒரு வெள்ளி தவறியது. மார்கழியில் அம்மாவுக்குக் காய்ச்சல் அதிகமாகி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தேன், போனையே பார்க்கவில்லை. ஒன்பது மணி தாண்டி எடுத்துப் பார்த்தால் ஸ்ரீபெரும்புதூரில் நைட் ஷிப்ட் பார்க்கும் ஒரு தம்பியின் செய்தி. பாட்டு எங்கே என்று அவன் கேட்கவில்லை. "அண்ணே, வீட்ல எல்லாரும் நல்லாருக்காங்களா?" என்று மட்டும் இருந்தது.

அந்த வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன், மாப்ளே. முகம் பார்த்திராத ஒரு பையன், எட்டு மணிக்கு என் குரல் வரவில்லை என்றதும் என் வீட்டை நினைத்திருக்கிறான். நீ சொல்வது போல் பெரிதாக ஒரு வீடியோ போட்டால் லட்சம் பேர் பார்க்கலாம், நடக்கட்டும். இந்தத் தம்பி எனக்குக் கிடைத்தது எட்டு மணி தவறாததால்தான்.

சரி, ஒரு காரியம். பரணைச் சுத்தம் செய்தபோது நம் பழைய நோட்டு கிடைத்தது. அதில் உன் கையெழுத்தில் வைகையைப் பற்றி எட்டு வரி. ஆறு காய்ந்தாலும் பாலத்துக்கு வேலை ஓயவில்லை என்று எழுதியிருக்கிறாய். பாதியில் விட்டிருக்கிறாய். அதற்கு ஒரு பீட் போட்டு மெயிலில் அனுப்பியிருக்கிறேன். மிச்ச எட்டு வரியை எழுதி, அங்கே உன் அலமாரிக் கதவைத் திறந்துவைத்து, போனிலேயே பாடி அனுப்பு. 39-வது இடத்தை உனக்காகக் காலியாக வைத்திருக்கிறேன். மிக்ஸிங்குக்கு எனக்கு நாலு நாள் வேண்டும், தளத்தில் ஏற்றுவதற்கும் பத்து நாள் முன்னதாகவே அனுப்ப வேண்டும். அதனால் இந்த மாதக் கடைசிக்குள் உன் குரல் வந்துவிட வேண்டும். அப்பாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

உன் மச்சான்