அம்மிணிக்கு, அந்த பாலிசி விஷயமா

அம்மிணி,

பேங்க்ல ஒருத்தர் பேசி உனக்கு போட்டுக் குடுத்த இன்சூரன்ஸ் பாலிசியைப் பத்தி ஞாயித்துக்கிழமை போன்ல நீ சொன்ன ஒரு வார்த்தை மனசுலயே கெடக்குது. "அவருக்கு என்னப்பா லாபம், சம்பளத்துக்கு வேலை பாக்குறவர்தானே, எனக்காக முக்கா மணி நேரம் உக்காந்து பேசினாரு"ன்னியே, அதுக்கு அப்பவே பதில் சொல்லிருக்கணும், குக்கர் விசில் வந்துருச்சுன்னு சொல்லி வச்சுட்டேன். விசிலெல்லாம் வரல கண்ணு. உனக்கு பதில் சொல்லணும்னா என்னைப் பத்தியும் சொல்லியாகணும், அதான்.

மொதல்ல அவசரமானதை சொல்லிர்றேன். பாலிசி கைக்கு வந்து 12 நாள் ஆச்சுன்ன. கைக்கு வந்த நாள்ல இருந்து 30 நாளுக்குள்ள வேண்டாம்னு எழுதிக் குடுத்தா, ஸ்டாம்ப் செலவு, மெடிக்கல் செலவு, இத்தனை நாள் இன்சூரன்ஸ் கவர் இருந்ததுக்கு கொஞ்சம், இதெல்லாம் போக மீதி பணம் திரும்பி வந்துரும், ஃப்ரீ லுக்னு பேரு. வருஷம் ஒரு லட்சம், 10 வருஷம் கட்டணும்னா அது சின்ன காசு இல்ல. அந்த புக்லெட்ல எந்த வருஷம் எவ்வளவு வரும்னு ஒரு டேபிள் இருக்கும், அதை போட்டோ எடுத்து அனுப்பு, நான் கணக்கு போட்டு சொல்றேன். இந்த மாதிரி பிளான் எல்லாம் கடைசில கணக்கு பாத்தா பெரும்பாலும் லாபம் வருஷத்துக்கு அஞ்சு, ஆறு சதவீதத்துலதான் வந்து நிக்கும்.

அந்த பேங்க்காரரை நான் திருடன்னு சொல்ல வரல. கெட்டவரா இருந்தா உனக்கே தெரிஞ்சிருக்கும், நீ அவ்வளவு விவரம் இல்லாதவ இல்ல. அவருக்கு இன்சூரன்ஸ் டார்கெட் இருக்கும், மார்ச் க்ளோசிங் நெருங்க நெருங்க மேனேஜர் தினமும் எத்தனை பாலிசின்னு கேப்பாரு, அதுல அவரோட இன்க்ரிமென்ட்டு, ட்ரான்ஸ்ஃபர் எல்லாம் மாட்டியிருக்கும். ஆனா உன்கிட்ட பேசும்போது அவர் மனசுல டார்கெட் ஓடியிருக்காது, இந்த பொண்ணுக்கு நல்லது பண்றோம்னுதான் ஓடியிருக்கும். இது எனக்கு எப்படி தெரியும்னா நானும் இன்சூரன்ஸ் ஏஜென்ட்டா 22 வருஷம் அப்படித்தான் பேசினேன்.

பள்ளிபாளையத்துல தறி வச்சிருந்த ஒருத்தர், உனக்கு ஞாபகம் இருக்காது, உன் காதுகுத்துக்கு வேட்டி சேலை எடுத்துட்டு வந்தவரு. எட்டு தறி, ரெண்டு பசங்க, தலைக்கு மேல கடன். "ஏனுங்கண்ணா, எனக்கு எது செரின்னு படுதோ அதையே போட்டுருங்க"ன்னாரு. அவருக்கு செரியானது டேர்ம் பாலிசி, கொஞ்ச பிரீமியத்துல பெரிய கவர், நாளைக்கே அவருக்கு ஏதாவது ஆனாலும் கடன் அடைஞ்சு பசங்க படிச்சிருப்பாங்க. ஆனா பிரீமியம் கம்மின்னா கமிஷனும் கம்மி. நான் போட்டது 20 வருஷ எண்டோமென்ட், அதாவது இன்சூரன்ஸும் சேமிப்பும் கலந்து கடைசில பணம் திரும்ப வர்ற பாலிசி, வருஷம் 24,000. அப்பல்லாம் அந்த மாதிரி பாலிசில முதல் வருஷ கமிஷன் 25 சதவீதம், அதுக்கு மேல போனஸ் கமிஷன் வேற, சேத்தா 35 வரைக்கும் வரும். 8,400 ரூபா எனக்கு வந்துச்சு. நூல் விலை ஏறி அவர் ரெண்டு வருஷத்தோட கட்ட முடியாம நின்னுட்டாரு, அப்ப மூணு வருஷம் கட்டாட்டி, பாதில பாலிசியை திருப்பிக் குடுத்து சரண்டர் பண்ணாலும் ஒண்ணும் வராது, 48,000 அப்படியே போச்சு. என் மேல அவருக்கு கோவமே வரல, "உங்க மேல என்ன தப்புங்கண்ணா, நாந்தான் கட்டல"ன்னாரு. அந்த வார்த்தை இன்னைக்கும் குத்துது.

அவர்கிட்ட பேசினப்போ நான் பொய் சொல்லல அம்மிணி. எண்டோமென்ட்தான் நல்லதுன்னு மனசார நம்பினேன், டேர்ம் போட்டா கட்டின காசு திரும்ப வராது, நம்ம ஜனத்துக்கு அது ஒத்துக்காதுன்னு காரணம் வேற வச்சிருந்தேன். அந்த காரணமெல்லாம் எங்க இருந்து வந்துச்சுன்னு மட்டும் ஒரு நாளும் யோசிக்கல.

யோசிக்க வச்சது 2009. மியூச்சுவல் ஃபண்ட் விக்கவும் நான் நம்பர் வாங்கி வச்சிருந்தேன். வாடிக்கையாளர் 10,000 போட்டா அதுல 225 ரூபா வரைக்கும் என்ட்ரி லோடுன்னு பிடிப்பாங்க, எங்க கமிஷன் அதுல இருந்துதான். அந்த ஆகஸ்ட் 1ல இருந்து அது கூடாதுன்னு, ஷேர் மார்க்கெட்டையும் ஃபண்டையும் கண்காணிக்கிற செபி நிறுத்திருச்சு. ஜூலை வரைக்கும் ஃபண்டு மாதிரி உண்டான்னு பேசிட்டு இருந்த நாங்கல்லாம் தீவாளி வர்றதுக்குள்ள ஃபண்டுல ரிஸ்க்கு, யூலிப்தான் பாதுகாப்புன்னு பேச ஆரம்பிச்சுட்டோம். யூலிப்னா இன்சூரன்ஸும் முதலீடும் சேந்த பாலிசி, ரெண்டும் அதே ஷேர் மார்க்கெட்லதான் போய் விழுது. அடுத்த வருஷம் செப்டம்பர்ல, இன்சூரன்ஸை கண்காணிக்கிற ஐஆர்டிஏ யூலிப் சார்ஜுக்கு கடிவாளம் போட்டுச்சு, ஒடனே எல்லாரும் பழைய எண்டோமென்ட்டுக்கு திரும்பிட்டோம், அதுக்கும் எங்ககிட்ட நல்ல நல்ல காரணம் இருந்துச்சு. யாரும் கூடிப் பேசி முடிவு பண்ணல. டீக்கடைல நின்னு பேசும்போது எல்லாரோட அபிப்பிராயமும் ஒரே பக்கம் சாஞ்சிருக்கும், அவ்வளவுதான். பின்னாடி கணக்கு போட்டவங்க, பாதில நின்னுபோன யூலிப் மாதிரி பாலிசிகள்ல 2004-05ல இருந்து 2011-12 வரைக்கும் ஜனங்க இழந்தது சுமார் ஒன்றரை லட்சம் கோடின்னு எழுதினாங்க. அதை படிச்சப்போ எனக்கு எட்டு தறிதான் ஞாபகம் வந்துச்சு.

இப்ப நான் சொல்ல வந்த விஷயம். பணம் சம்பந்தப்பட்ட இடத்துல மட்டும் இது நடக்கல.

2019ல உனக்கு முனிக்ல வேலை வந்துச்சு. அங்க குளிரு உன் சைனஸுக்கு ஆகாது, சம்பளத்துல ஒரு நல்ல பங்கு வரிக்கே போயிரும், பாஷை தெரியாத ஊரு, பெங்களூர்லயே இதைவிட நல்லது வரும்னு ராத்திரி ராத்திரி உனக்கு சொன்னேன். எல்லாமே உண்மையான காரணம்தான், ஒண்ணுகூட பொய் இல்ல. ஆனா உங்கம்மா போயி அப்ப ஏழு மாசம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல இந்த வீட்டுல இருக்க எனக்கு பயமா இருந்துச்சு, நீ பெங்களூர்ல இருந்தா ரயில் ஏறி காலைல வந்துருவேங்கிற நெனப்புலதான் தூங்குனேன். அதை நான் உன்கிட்ட சொல்லல, எனக்கே சொல்லிக்கல. சொல்லியிருந்தா நீ என் பயத்தையும் உன் வேலையையும் தனித்தனியா எடை போட்டிருப்ப, எனக்காக இருக்கேன்னு முடிவெடுத்திருந்தாலும் அது உன் முடிவா இருந்திருக்கும். நான் சைனஸைக் காட்டி உன்னை நிறுத்திட்டேன். தறிக்காரர் மாதிரி நீயும் என் மேல கோவப்படல. அப்பா சொன்னா சரியா இருக்கும்னுட்ட. தப்பு பண்ணிட்டேன் கண்ணு.

இனிமே யாராவது உனக்கு ஒண்ணு நல்லதுன்னு சொன்னா, அவங்க நல்லவங்களான்னு பாக்காத, நீ முடியாதுன்னு சொன்னா அவங்களுக்கு என்ன போகும்னு பாரு. நான் சொன்னாலும் பாரு. அந்த பேங்க்காரர்கிட்டயும் கோவமா பேசாத, புள்ளகுட்டிக்காரர்.

அப்புறம் இந்த வீட்டை வித்துட்டு பெங்களூர் வந்துருங்கன்னு நாலு மாசமா சொல்ற. கூரை ஒழுகுது, வரி ஏறிருச்சு, இப்ப நல்ல விலை போகுதுன்ன. நானும் தென்னை மரம், சொந்தபந்தம், கரன்ட் பில்லுன்னு பதிலுக்கு சொல்லிட்டே இருக்கேன். பாத்ரூம்ல நான் விழுந்து கெடந்தா யாரு பாப்பாங்கன்னு நீ பயப்படுறியோன்னு எனக்கு தோணுது, தப்பா இருந்தா சொல்லு. என் பக்கம் என்னன்னா அம்மா கடைசியா படுத்திருந்த ரூமை இன்னொருத்தன் இடிச்சு கட்டுவான், அது எனக்கு தாங்காது.

வர்ற ஞாயித்துக்கிழமை மத்தியானமா கூப்புடு, குக்கரெல்லாம் அதுக்கு முன்னாடியே இறக்கி வச்சிர்றேன். பேங்க்குக்கு குடுக்க வேண்டிய லெட்டரை நானே எழுதி வச்சிருக்கேன், உன் கையெழுத்து மட்டும் போதும்.

அப்பா
ஈரோடு