டெக்சஸுக்கு வரலாமா என்று கேட்ட சேகருக்கு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம். மகன் கார் ஓட்டப் பழகுகிறான். நான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கிறேன்.

நியூஜெர்சி எடிசனில் இருக்கும் வீட்டை விற்றால் டாலஸ் பக்கம் ஃபிரிஸ்கோவில் அரண்மனையே வாங்கலாம் என்று உன் மச்சான் சொன்னதாக எழுதியிருந்தாய். 2019-இல் சொல்லியிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன். 2022 வசந்த காலம் வரை எங்கள் காலின் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) வீட்டு விலை ஏறிய ஏற்றம் அப்படி. கலிஃபோர்னியாக்காரர்கள் வந்து கேட்ட விலைக்கு மேலே கொடுத்து வாங்கிப் போனார்கள். வட்டி ஏறியதும் அந்த ஆட்டம் அடங்கிவிட்டது. இப்போது நடுத்தர வீடு ஐந்து லட்சம் டாலரை ஒட்டி நிற்கிறது. விற்பனைப் பலகை வாரக்கணக்கில் வாசலில் நிற்கிறது. பேரம் பேசலாம், இன்ஸ்பெக்‌ஷன் வைக்கலாம், பிடிக்காவிட்டால் விட்டுவிட்டு வரலாம். வாங்குகிறவனுக்கு இது நல்ல நேரம்தான். ஆனால் அரண்மனை இல்லை.

நீ முதலில் கேட்க வேண்டிய கேள்வி வீட்டு விலை பற்றியதே அல்ல. டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது என்பதை வைத்துத்தானே கணக்குப் போட்டிருக்கிறாய்? உன் கம்பெனி மன்ஹாட்டனில் இருக்கிறது. உன் வசதிக்காக வீட்டிலிருந்து வேலை பார்த்தால், நீ எந்த மாநிலத்தில் உட்கார்ந்திருந்தாலும் நியூயார்க் தன் வரியைப் பிடிக்கும். இங்கே மாநில வரி இல்லாததால் அங்கே கட்டியதை இங்கே கழித்துக்கொள்ளவும் வழியில்லை. ஆக, நியூயார்க்குக்கும் கட்டி, டெக்சஸ் வீட்டு வரியும் கட்டுவாய். கம்பெனிக்கு டாலஸ் பக்கம் கிளை இருந்தால் அதற்கு முறைப்படி மாற்றித் தரச் சொல். இல்லையென்றால் இங்கேயே வேலை தேடு. இது முடிவாகாமல் வீடு பார்க்க ஆரம்பிக்காதே. ஒரு நல்ல ஆடிட்டரிடமும் கேட்டுக்கொள்.

வேலைக்குப் பஞ்சம் இல்லை. டொயோட்டா தன் அமெரிக்கத் தலைமையகத்தை கலிஃபோர்னியாவிலிருந்து பக்கத்து ஊர் பிளேனோவுக்கு மாற்றி 2017-இல் திறந்தது. அதே வட்டாரத்தில் ஜேபி மார்கன் சேஸ், கேபிடல் ஒன், ஃப்ரிட்டோ-லே எல்லாம் இருக்கின்றன. மெக்கின்னியில் ராணுவத் தளவாடக் கம்பெனி ரேதியான் இருக்கிறது. வங்கியும் ஐடியும் சேர்ந்த ஊர் என்பதால் இரண்டும் ஒரே சமயத்தில் இருமினால் தெருவே இருமும். அதையும் மனதில் வைத்துக்கொள்.

வீட்டு வரியை விவரமாகச் சொல்கிறேன், இங்கேதான் வெளியூர்க்காரர்கள் ஏமாறுகிறார்கள். கவுண்டி, நகரம், பள்ளி, கல்லூரி எல்லாம் சேர்த்து ஃபிரிஸ்கோ, பிளேனோ பக்கம் ஆண்டுக்கு வீட்டு மதிப்பில் 1.7 சதவீதத்தை ஒட்டி வரும். பாதிக்கு மேல் பள்ளிக்குப் போகிறது. குடியிருக்கும் வீட்டுக்குப் பள்ளி வரியில் 1,40,000 டாலர் மதிப்பு வரை விலக்கு உண்டு. 2025 நவம்பரில்தான் அந்த அளவுக்கு உயர்த்தினார்கள். ஐந்தரை லட்சம் டாலர் வீட்டுக்கு விலக்குப் போக ஏழரையிலிருந்து எட்டாயிரம் டாலர் என்று வைத்துக்கொள். எடிசனில் கட்டிப் பழகியவனுக்கு இது பயமாகத் தெரியாது.

ஆனால் விளம்பரத்தில் போட்டிருக்கும் வரியை நம்பாதே. குடியிருக்கும் வீட்டின் வரி மதிப்பை ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று இங்கே சட்டம். பழைய உரிமையாளர் அந்த வரம்புக்குள் குறைவாகக் கட்டிக்கொண்டிருப்பார். நீ வாங்கியதும் அந்த வரம்பு போய்விடும், அடுத்த ஆண்டு மதிப்பு சந்தை விலைக்குத் தாவிவிடும். புது வீடு என்றால் வேறு கூத்து. ஜனவரி 1-ஆம் தேதி என்ன நிற்கிறதோ அதற்குத்தான் அந்த ஆண்டு வரி. அன்றைக்கு வெறும் மனையாக இருந்திருந்தால் முதல் பில் மனைக்கு மட்டும் வரும். எங்கள் தெருவில் ஒரு தெலுங்குக் குடும்பம் அதைப் பார்த்து மகிழ்ந்துபோய் சோபா செட் வாங்கினார்கள். மறு வருஷம் வீட்டுக்கும் சேர்த்து பில் வந்தது, எஸ்க்ரோவில் (மாதத் தவணையோடு வரிக்காகச் சேர்த்து வைக்கும் கணக்கு) பற்றாக்குறை, மாதத் தவணை பல நூறு டாலர் ஏறிவிட்டது. பில்டர்கள் காட்டும் குறைந்த வட்டியும் பல சமயம் முதல் இரண்டு வருஷத்துக்குத்தான், அப்புறம் முழு வட்டி.

வடக்கே செலைனா, கிழக்கே பிரின்ஸ்டன் என்று புது வீடுகள் மலிவாகக் கிடைக்கின்றன. (உங்கள் ஊர் பிரின்ஸ்டன் இல்லை, பல்கலைக்கழகத்தைத் தேடாதே.) 2023-24 கணக்கில் அமெரிக்காவிலேயே மிக வேகமாக வளர்ந்த நகரம் இந்த டெக்சஸ் பிரின்ஸ்டன், ஒரே ஆண்டில் மக்கள்தொகை 30 சதவீதம் ஏறியது. சாலையும் தண்ணீரும் போலீசும் ஈடுகொடுக்க முடியாமல் 2024 செப்டம்பரில் புதுக் குடியிருப்புகளுக்கு நகர மன்றமே தற்காலிகத் தடை போட்டது. காலையில் 380 சாலையில் அங்கிருந்து கிளம்புகிறவர்களைப் பார்த்தால் உனக்கே புரியும். இப்படிப்பட்ட இடங்களில் தண்ணீர், சாக்கடைக் குழாய்க்கான கடனை அடைக்கத் தனி வரி இருக்கிறதா என்று கட்டாயம் கேள். அது சேர்ந்தால் மொத்தம் 2 சதவீதத்தை எளிதாகத் தாண்டும்.

இனி மண். நமக்குத் தெரிந்த விஷயம் இது. இந்த ஊர் முழுக்கக் கரிசல்! கோவில்பட்டிக் கரிசல் போலவே மழையில் ஊதி, வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கிறது. ஒரு காலத்தில் இங்கேயும் பருத்திதான் விளைந்தது. பேஸ்மென்ட் கிடையாது, கான்கிரீட் ஸ்லாப் மேல்தான் வீடு உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கம் மண் காய்ந்து சுருங்கினால் ஸ்லாப் அசையும். போன கோடையில் அலுவலக நண்பர் ஒருவருக்காக ஆலனில் ஒரு வீடு பார்க்கப் போனோம். புதுப் பெயின்ட், புதுத் தரை, அடுப்படி பளபளவென்று இருந்தது. படுக்கையறைக் கதவைச் சாத்தினேன், மேல் மூலையில் இடித்து நின்றது. நிலைக்கு மேலே சுவரில் சாய்வாக ஒரு கோடு, பெயின்டுக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தது. வெளியே போய்ப் பார்த்தால் செங்கல் இணைப்புகளில் படிக்கட்டு மாதிரி விரிசல். நண்பர் ஒன்றும் பேசாமல் செருப்பைப் போட்டுக்கொண்டார். நீ வரும்போது எல்லாக் கதவையும் திறந்து மூடிப் பார். கோடையில் வீட்டைச் சுற்றித் துளைக் குழாய் போட்டு மண்ணுக்கு ஈரம் காட்டுவோம். வீட்டுக்கே தண்ணீர் ஊற்றுகிறான் என்று ஊரில் அப்பா சிரித்தார்.

கூரையின் வயதையும் கேள். வசந்த காலத்தில் ஆலங்கட்டி மழை வரும். 2016 ஏப்ரலில் பக்கத்து ஊர் வைலியில் விழுந்த கட்டிகள் கிரிக்கெட் பந்தைவிடப் பெரியவை, கூரைகளைப் பொத்துக்கொண்டு இறங்கின. இங்கே இன்சூரன்சில் கூரைச் சேதத்துக்கு உன் கைப்பங்கு பெரும்பாலும் வீட்டுக் காப்பீட்டுத் தொகையில் ஒன்று அல்லது இரண்டு சதவீதம். ஐந்து லட்சத்துக்கு இரண்டு சதவீதம் என்றால் பத்தாயிரம் டாலர் உன் பாக்கெட்டிலிருந்து. எடிசன் பிரீமியத்தை மறந்துவிடு.

பள்ளிக்கூடம் பற்றித் தங்கச்சி கேட்டிருந்தாள். நல்ல பள்ளிகள்தான், போட்டியும் அதற்கேற்ப. ஊர் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பள்ளி எல்லை வேறு, நகர எல்லை வேறு. மெக்கின்னி முகவரி உள்ள சில வீடுகள் ஃபிரிஸ்கோ பள்ளி மாவட்டத்தில் வரும். பிளேனோவில் பிள்ளைகள் குறைந்து 2025-இல் நான்கு பள்ளிகளை மூடினார்கள். இளம் குடும்பங்கள் விலைக்குப் பயந்து வடக்கே போய்விட்டார்கள், வேறொன்றுமில்லை.

நம்மவர்களுக்குக் குறைவில்லை. தமிழ்ப் பள்ளி, அனுமார் கோவில், தோசை மாவு எல்லாம் பக்கத்திலேயே. ஆனால் எடிசனில் உன் அம்மா ஓக் ட்ரீ ரோட்டுக்கு நடந்து போய் முருங்கைக்காய் வாங்கி வருகிறாரே, அது இங்கே நடக்காது. கார் ஓட்டத் தெரியாதவருக்கு இந்த ஊர் வீட்டுச் சிறை. ஜூலை வெயிலில் அவர் ஆறு மாதம் எப்படி இருப்பார் என்று நீதான் யோசிக்க வேண்டும். இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. 2023 மே மாதம் ஆலன் அவுட்லெட் மாலில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் எட்டுப் பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் நம் நாட்டிலிருந்து வந்த பெண். எங்கள் வீட்டிலிருந்து அது தூரமில்லை. உரிமம் இல்லாமலே பொது இடத்தில் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்ல 2021 முதல் இங்கே சட்டம் அனுமதிக்கிறது. அதன் பிறகும் நாங்கள் இங்கேதான் இருக்கிறோம், ஆனால் என் மனைவி அந்த மாலுக்குப் போவதில்லை.

என்னைக் கேட்டால், வேலை இங்கே உறுதியானால் வா. முதல் வருஷம் வாடகைக்கு இரு. வாடகையும் இப்போது அவ்வளவு மோசமில்லை. அப்புறம் ஆலனிலோ பிளேனோவிலோ இருபது வருஷப் பழைய வீடு பார். அந்த வயது வீட்டில் மண் காட்ட வேண்டிய வேலையைப் பெரும்பாலும் காட்டியிருக்கும், மரம் நிழல் தரும், வரியும் ஓரளவு தெரிந்த வரி. செலைனாவில் பளபளப்பைக் கண்டு மச்சான் சொல்வதைக் கேட்காதே.

ஊரைப் பார்க்க அக்டோபரில் வராதே. அப்போது எல்லா ஊரும் அழகு. ஆகஸ்டில் வா, முடிந்தால் அம்மாவோடு. டாலஸ்-ஃபோர்ட் வொர்த் (டிஎஃப்டபிள்யூ) விமான நிலையத்திலிருந்து பிளேனோவுக்கு 2025 அக்டோபர் முதல் ரயில் ஓடுகிறது, டெர்மினல் பி பக்கம் ஏற வேண்டும். விமானம் எத்தனை மணிக்கு என்று சொல். மகனையே ஸ்டேஷனுக்கு கார் ஓட்டச் சொல்லி வருகிறேன்.

அன்புடன்,
ராமு