நம் சமையலறைக்கு வரும் காய்கறி: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். சென்ற பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து, "பக்கத்திலேயே இத்தனை பேர் பயிர் செய்கிறார்கள், நம் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் பெரிய கம்பெனி லாரியில் காய் வருகிறது?" என்று கேட்டார். அன்றைக்கு அவசரத்தில் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். நியாயமான கேள்வி அது. அதனால்தான் இந்தக் கடிதம்.

மொத்த விநியோகஸ்தரை நாங்கள் விடப்போவதில்லை. சமையலறையில் இருப்பது இரண்டே பேர். அடுப்பு பற்றவைக்கிற நேரத்தில் ஐந்தாறு விவசாயிகள் தனித்தனியாக வந்து சரக்கு இறக்கினால், எடை பார்ப்பதற்கும் பில் சரிபார்ப்பதற்கும் ஆள் கிடையாது. விநியோகஸ்தரிடம் ஒரே ஆர்டர், ஒரே பில். பாலும் தயிரும் 5 டிகிரிக்கு மேல் சூடேறாமல் குளிர்பதன லாரியில் வந்து சேர்கின்றன. ஒவ்வொரு பெட்டியிலும் லாட் எண், அதாவது எந்தத் தொகுதிச் சரக்கு என்று காட்டும் எண், இருக்கும். சரக்கில் ஏதாவது கோளாறு என்று பின்னால் தெரியவந்தால், அந்த எண்ணை வைத்து எந்தெந்தச் சமையலறைக்குப் போனது என்று கண்டுபிடித்துத் திரும்ப எடுத்துவிடலாம். சின்னக் குழந்தைகள் சாப்பிடும் இடத்தில் இதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது.

சரி, அதே லாரியில் பக்கத்து வயல் காய் வரக்கூடாதா? வரலாம். பல விநியோகஸ்தர்கள் சுற்றுவட்டார விவசாயிகளிடமும் வாங்குகிறார்கள். கிடங்கில் மற்ற சரக்கோடு கலந்துவிடுவதால் எது எங்கே விளைந்தது என்பது நமக்குத் தெரியாமல் போகிறது. கேட்டால்தான் பிரித்துத் தருவார்கள்.

கேட்கும் விதத்தில் நானே ஒரு தவறு செய்தேன். விலைப்பட்டியலில் 'உள்ளூர்' என்று போட்டிருந்த கேரட்டைச் சில மாதங்கள் நம்பி வாங்கினோம். ஒருநாள் சமையலறை அக்கா காலி அட்டைப்பெட்டியை என் மேசைக்கே கொண்டுவந்து, ஓரத்தில் ஒட்டியிருந்த லேபிளைக் காட்டினார். பக்கத்து ஊர் முகவரிதான் இருந்தது, ஆனால் அது பெட்டி கட்டிய கிடங்கின் முகவரி. விளைந்த இடம் அதற்குக் கீழே பொடி எழுத்தில், வெகுதூரத்து ஊராக இருந்தது. இதை மோசடி என்று நான் சொல்லமாட்டேன். 'உள்ளூர்' என்ற சொல்லுக்கு எல்லோருக்கும் பொதுவான அளவு கிடையாது. அமெரிக்காவின் 2008ஆம் ஆண்டு விவசாயச் சட்டத்தில், விளைந்த இடத்திலிருந்து 400 மைலுக்குள், அல்லது அதே மாநிலத்துக்குள் விற்றால் அது உள்ளூர் அல்லது வட்டார விளைபொருள். நமக்கு 400 மைல் ரொம்ப அதிகம். காலையில் பறித்தது மறுநாள் சமையலறைக்கு வந்துசேரும் தூரம் என்று நாங்கள் வைத்துக்கொண்டோம்.

அதனால் இப்போது விளைந்த ஊரையும் பண்ணையின் பெயரையும் பில்லிலேயே எழுதித் தரச்சொல்லியிருக்கிறோம். கேட்ட காய் இல்லாவிட்டால் தாமாகவே வேறொன்றை அனுப்பாமல், முதலில் எங்களுக்குப் போன் செய்யச் சொல்லியிருக்கிறோம். ஒவ்வாமை உள்ள பிள்ளைகளை நினைத்தால் இது எவ்வளவு முக்கியம் என்பது உங்களுக்குப் புரியும்.

அப்புறம், நாம் ஒரு பள்ளி மட்டும் கேட்டால் விநியோகஸ்தருக்குக் கட்டுப்படியாகாது. வாரம் இரண்டு பெட்டிக்காக ஒரு புதுப் பொருளைக் கிடங்கில் வைக்கமாட்டார்கள். ஆகவே நம்மைப் போலச் சின்னக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் அருகிலுள்ள காப்பகங்களோடு பேசி, எல்லோருக்கும் சேர்த்து எவ்வளவு வேண்டும் என்பதை விதைப்புக்கு முன்பே சொல்ல முடிவு செய்திருக்கிறோம். இதில் விவசாயிக்கும் ஒரு லாபம் உண்டு. கடைக்காரர் 'சிறுசு' என்று ஒதுக்கும் பழங்கள்தான் நம் பிள்ளைகளின் கைக்குச் சரியான அளவு. அவற்றையே கேட்டிருக்கிறோம்.

உங்களுக்குத் தெரியும் மாற்றம் உணவு அட்டவணையில் இருக்கும். காய்களின் பெயருக்குப் பதில் சில நாள்களில் 'பருவக் காய்' என்று மட்டும் இருக்கும். எந்தக் காய் என்பதை முந்தின நாள் மாலை வாசல் பலகையில் எழுதிவிடுவோம். ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் பெற்றோர் அதைத் தவறாமல் பாருங்கள். இன்னொன்று, பக்கத்தில் விளைந்தது என்பதாலேயே மருந்து அடிக்காத காய் என்று ஆகிவிடாது. எங்கிருந்து வந்தாலும் கழுவுவதும், தொண்டையில் சிக்காதபடி நறுக்குவதும், கேரட்டை மெத்தென்று வேகவைப்பதும் அப்படியே தொடரும்.

2 முதல் 5 வயதுவரை உள்ள குழந்தைகள் நாளுக்குக் காய்கறியும் பழமும் சேர்த்துக் குறைந்தது 250 கிராம் சாப்பிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் பரிந்துரைத்தது. தட்டில் வைப்பது எளிது, வாய்க்குள் போவதுதான் பாடு. போன வாரம் தழையோடும் மண்ணோடும் வந்த கேரட் கட்டை வகுப்பறைக்கு எடுத்துப்போனேன். நான்கு வயதுக் குழந்தை ஒன்று தழையைத் தடவிப் பார்த்து, "இதுக்கு முடி இருக்கு!" என்றது. வழக்கமாகக் கேரட்டை ஒதுக்கிவைக்கும் அந்தக் குழந்தை மதியம் இரண்டு துண்டு தின்றது. மறுநாள் மறுபடியும் ஒதுக்கியது. புதுக் காயை ஏற்றுக்கொள்ளப் பத்துத் தடவைகூட ஆகலாம், வீட்டிலும் பொறுமையாகத் திரும்பத் திரும்ப வையுங்கள்.

உங்களில் யாராவது பயிர் செய்பவராக இருந்தாலோ, தெரிந்தவர் இருந்தாலோ, என்ன காய், எந்த மாதத்தில், எவ்வளவு என்று எழுதி அலுவலகத்தில் கொடுங்கள். விநியோகஸ்தரோடு அடுத்த பேச்சு இந்த மாதக் கடைசியில். அதற்குள் கிடைத்தால் நானே கையோடு கொண்டுபோகிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்